போர்க்கால ஜீப்பில் கோவையிலிருந்து லே வரை: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி சுருக்கமாக இது. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் பல வருஷம் நின்றுபோன இரண்டாம் உலகப் போர்க்கால ஃபோர்ட் ஜீப்பை ஒருவர் வாங்கியிருக்கிறார். இடதுபக்க ஸ்டீயரிங், அசல் பெட்ரோல் இன்ஜின், ஓடுகிற நிலையில் இருக்கிறது. கோவையிலிருந்து லே வரை அதிலேயே போய்வர ஆசைப்படுகிறார். பட்டறைகளில் விசாரித்தால், "டீசல் இன்ஜினும் அஞ்சு கியர் பாக்ஸும் ஏத்திடுங்க, பவர் ஸ்டீயரிங் போட்டுடுங்க, கவலையே இல்ல" என்கிறார்களாம். அப்படிச் செய்யலாமா, இல்லையென்றால் வேறு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

இன்ஜினை மாற்றாதீர்கள். இந்த வண்டியில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் ஸ்பேனரால் பூட்டிக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். காஸ் கட்டரும் வெல்டிங்கும் சேஸிஸ் பக்கம் வரவே கூடாது. பணத்தை முதலில் வண்டியை நிறுத்துவதற்கும், நேராக ஓட்டுவதற்கும், சூட்டைக் குறைப்பதற்கும் செலவழியுங்கள். வேகம் கடைசியில் வரட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன வண்டி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் போரின்போது ஒரே வரைபடத்தை வைத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்தன. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் இந்தியாவில் விட்டுப்போனவை ஏலத்தில் போய், எஸ்டேட்டுகளுக்கும் காட்டு வேலைகளுக்கும் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு எண்பது வருஷ ரிப்பேர் நடந்திருக்கிறது. ஒன்றின் உடல், இன்னொன்றின் சேஸிஸ், மூன்றாவதின் இன்ஜின் என்று கலந்து நிற்பதுதான் வழக்கம். ரேடியேட்டருக்கு அடியில், முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துப் போட்ட தகரத் தொட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு என்றால் துருவைச் சுரண்டிவிட்டுப் போல்ட் தலைகளையும் பாருங்கள், சின்னதாக 'எஃப்' எழுத்து அச்சாகியிருக்கும். ஃபோர்டு சேஸிஸ் எண்ணை இடது சட்டத்தின் மேல்பக்கம், இன்ஜின் பக்கத்திலேயே குத்தியிருப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த எண் உங்கள் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒத்துப்போகாவிட்டால் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைத் தீர்க்கும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்ஜின் மாற்றும் பேச்சுக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாகவே வாசித்தது. டீசல் இன்ஜின் ஏற்றிய ஜீப்பில் பத்து மாநிலங்களைத் தாண்டிப் போய், வழியில் ஒரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான்.

இன்னொரு பொறி இருக்கிறது. 2021ல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்து 'விஏ' எழுத்துள்ள எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். சாதாரணப் பயணத்துக்கு இடமில்லை. உங்கள் பழைய ஆர்சி உயிரோடு இருந்தால் எஃப்சி காட்டி அதையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்ற நினைக்கிறவருக்கு அதுதான் சரி.

இடதுபக்க ஸ்டீயரிங் சட்டவிரோதம் இல்லை. 120வது பிரிவு, அப்படிப்பட்ட வண்டியில் வேலை செய்யும் சிக்னல் கருவி இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. ஆகவே இண்டிகேட்டர் கட்டாயம். நிறத்தைப் பற்றியும் ஒன்று. ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. லடாக் போகும் வழியெல்லாம் ராணுவச் சோதனைச் சாவடிகள். மணல் நிறமோ சாம்பலோ அடித்துக்கொண்டு நிம்மதியாகப் போங்கள். அப்புறம் டெல்லி. தலைநகர வட்டாரத்தில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் இருக்கும் கட்டுப்பாடு அடிக்கடி மாறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைவலி வேண்டாம். நாக்பூர், போபால், கோட்டா, ஜெய்ப்பூர், சீகர், ஹிசார் வழியாக அம்பாலாவைப் பிடித்தால் டெல்லிக்குள் நுழையாமலே சண்டிகர் போய்விடலாம், ஆனால் ஹரியானாவில் தலைநகர வட்டாரத்தைச் சேர்ந்த மாவட்டங்கள் வழியில் குறுக்கிடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். இதன் இன்ஜின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பக்கவாட்டு வால்வு, 60 குதிரைத்திறன். பிஸ்டன் விட்டம் 79 மில்லிமீட்டர், ஆனால் ஏறி இறங்கும் தூரம் 111 மில்லிமீட்டர். நீள ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். அதே காரணத்தால் மணிக்கணக்கில் அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால் தேயும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியன் பற்சக்கர ஜோடியின் விகிதம் 4.88. மேல் கியர் நேரடி. அப்படியானால் 65 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று, 80ல் ஏறத்தாழ 2,950, 100ல் 3,700. டேஷ்போர்டில் பதித்த தகட்டில் மேல் கியருக்கு 65 மைல், அதாவது 105 கி.மீ. என்று எழுதியிருக்கும். அது தாண்டக் கூடாத எல்லை. அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓட்டலாம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்த இன்ஜின் சுகமாக ஓடுவது 2,200லிருந்து 2,500 சுற்றில்தான், அதாவது மணிக்கு 60லிருந்து 68 கி.மீ. வேகத்தில். நான்கு வழிச்சாலையில் இடது ஓரமாக அந்த வேகத்தில் போக மனம் ஒப்பினால், இன்ஜினிலும் கியரிலும் எதையுமே மாற்றாமல் லே போகலாம்.

இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்றால் ஓவர்டிரைவ் போடுங்கள். முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், வேறு கருவிகளுக்கு விசை (பவர் டேக்-ஆஃப்) எடுப்பதற்காக ஒரு வட்ட மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அங்கே போல்ட் போட்டுப் பூட்டும் ஓவர்டிரைவ் பெட்டியை வார்ன் கம்பெனி ஒரு காலத்தில் செய்தது. இன்றும் அதே அமைப்பில் அமெரிக்காவில் புதிதாகக் கிடைக்கிறது. தனி லீவர் உண்டு, இன்ஜின் சுற்றை 25 சதவீதம் குறைக்கும். 80 கி.மீ. வேகத்தில் 2,950 சுற்று 2,200க்கு இறங்கிவிடும். வேண்டாத நாளில் கழற்றி மூடியைத் திரும்பப் போட்டால் வண்டி 1944க்குத் திரும்பிவிடும். விலை குறைவில்லைதான், ஆனால் டீசல் மாற்றத்தை ஒழுங்காகச் செய்ய ஆகும் செலவைவிடக் குறைவு.

கிரவுன்-பினியனையே நீளமாக மாற்றலாமே என்று சிலர் சொல்வார்கள். நான்கு சக்கர ஓட்டம் வேண்டுமானால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு சமவெளியில் கிடைக்கும் சுகத்தை மலையில் இழப்பீர்கள். 60 குதிரைத்திறனுக்கு 4.88தான் சரியான துணை. ஓவர்டிரைவ் என்றால் மலை வந்ததும் லீவரைத் தள்ளி விலக்கிவிடலாம்.

முன் ஆக்சிலுக்கு, சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விலக்கிவிடும் ஃப்ரீ-வீலிங் ஹப் போடுவது நல்ல காரியம். சாலையில் முன் டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் வீணாகச் சுற்றாது, சத்தமும் தேய்மானமும் குறையும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஜீப்பில் முன் ஆக்சிலை இணைக்காமல் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர் நிலை) விழாது. பின் ஆக்சில் ஒன்றே எல்லா விசையையும் வாங்கி முறிந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. ஹப் திறந்திருக்கும்போது நீங்கள் லோவில் போட்டு இழுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். லோ போடும் முன் இறங்கி இரண்டு ஹப்பையும் லாக் செய்வது பழக்கமாக வேண்டும்.

டயரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 6.00-16 என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் டிராக்டர் முன்சக்கர டயர். அளவு அதேதான், ரிம்மில் அழகாக உட்காரும். அது மணிக்கு 40 கி.மீ. வாக்கில் ஓடச் செய்தது, நெடுஞ்சாலை வேகத்தில் வெயிலில் சூடேறிப் பிரியும். ஜீப்புக்கோ இலகு டிரக்குக்கோ செய்த டயர்தானா என்று பக்கச்சுவரில் உள்ள எழுத்தைப் படித்து வாங்குங்கள். 7.00-16 போட்டால் சுற்று ஏழு சதவீதம் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், சில வண்டிகளில் முழுத் திருப்பத்தில் உரசும். நான் 6.00 அல்லது 6.50லேயே நிற்பேன். அசல் 'காம்பேட்' ரிம் இருந்தால் அது இரண்டு தட்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளில் கை வைத்தால் ரிம் வெடித்துப் பறக்கும், ஆளைக் கொல்லும். பஞ்சர் கடையில் நீங்களே பக்கத்தில் நின்று வால்வைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேனர் போட விட வேண்டும். அதோடு, இடதுபக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மறை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு தாபா பக்கத்தில் பஞ்சர் போடும் பையன் காற்று கன்னை வைத்து எல்லா வண்டிக்கும் திருப்புவது போலத் திருப்பினால் ஸ்டட் முறியும். இடது சக்கரங்கள்மேல் ஒரு அம்புக்குறி பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

பிரேக்தான் நான் அதிகம் கவலைப்படும் இடம். நான்கு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம், ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை. பின் சக்கரத்தில் ஒரு வீல் சிலிண்டர் வாஷர் கிழிந்தால் முன் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே தொங்குவதால் ஆயில் குறைவது கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே முதல் மாற்றமாக, அதே இடத்தில் பிராக்கெட் வைத்து இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய். ஆயில் டப்பாவை மேலே கொண்டுவந்து, பானெட்டைத் தூக்கினால் தெரியும்படி வையுங்கள். குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. பழையதில் "நல்லாத்தான் இருக்கு" என்று எதையும் விடாதீர்கள். பிற்கால ஜீப்களில் வந்த 11 அங்குல டிரம் செட் கிடைத்தால் போட்டுவிடுங்கள், வெட்டாமல் பொருந்தும் மாற்றம் அது. டிஸ்க் பிரேக்குக்கு ஹப்பிலும் நக்கிளிலும் லேத் வேலை வரும், பூஸ்டரும் கேட்கும். 70 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதவருக்கு அது அவசியமே இல்லை. டிரம் நனைந்தால் கொஞ்ச நேரம் பிடிக்காது. மணாலி-லே சாலையில் ஜிஸ்பா ஊரைத் தாண்டி ஓடைகளில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்து வைக்க மட்டுமே அது. ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட்டின் மூட்டான யுஜே கிராஸ் போய்விடும்.

ஸ்டீயரிங் தள்ளாடுகிறது என்றால் பவர் ஸ்டீயரிங் அதற்கு மருந்தில்லை. இந்த ஜீப்பில் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் ராட் முதலில் முன் ஆக்சிலில் உள்ள பெல் கிராங்க் என்ற நெம்புகோலைத் திருப்பும், அங்கிருந்து இரண்டு டை ராட் பிரியும். அந்தப் பெல் கிராங்க் தேய்ந்திருந்தால் மற்ற எதைச் சரி செய்தும் பலன் இல்லை. ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்து அந்த இடத்தில் விரலை வையுங்கள், ஆட்டம் கையிலேயே தெரியும். அப்புறம் கிங்பின் பேரிங்கின் ஷிம், டை ராட் எண்டுகள், ஸ்பிரிங் பட்டையின் புஷ்கள். இவ்வளவும் இறுக்கமாக இருந்தால் மெல்லிய டயரில் இந்த வண்டியை ஒரு விரலால் திருப்பலாம்.

பெட்ரோல் விஷயம் நம் நாட்டில் இப்போது புதுச் சிக்கல். பம்ப்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 6.5க்கு 1 கூட இல்லை என்பதால் ஆக்டேன் கவலை கிடையாது. கவலை ரப்பரிலும் தண்ணீரிலும். பழைய ஃபியூயல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றிவிடுங்கள். டேங்க் 57 லிட்டர், ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் போட வேண்டுமென்றால் எழுந்து சீட் மெத்தையைத் தூக்க வேண்டும். டேங்க் உட்காரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது இந்த வண்டிகளின் பிறவி வியாதி. டேங்க்கை வெளியே எடுத்து அடிப்பாகத்தைப் பார்க்காமல் பயணம் கிளம்பவே கூடாது, ஏனென்றால் நீங்கள் உட்காரப்போவது அதன்மேல்.

இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் நெருங்கி இருக்கின்றன. மே மாதம் நாக்பூர் வெயிலில், எத்தனால் கலந்த பெட்ரோல், மெதுவான டிராஃபிக் மூன்றும் சேர்ந்தால் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி உறை போடுங்கள். மேனிஃபோல்டில் உள்ள ஹீட் வால்வு துருப்பிடித்து ஒரே நிலையில் சிக்கியிருந்தால் விடுவியுங்கள். டேங்க் பக்கத்தில் ஒரு சின்ன மின்சார பம்ப், தனி சுவிட்சோடு, துணைக்கு இருக்கட்டும். வழியில் நின்றுபோனால் அதைப் போட்டு ஆவியைத் தள்ளிவிடலாம்.

மலையில் நிலைமை தலைகீழ். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் சமவெளியில் காற்று-பெட்ரோல் கலவையை எட்டு சதவீதம் போல மெலிதாக்கும் என்பதால் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார்கள். சரிதான். ஆனால் 5,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிவதால் அதே கார்புரேட்டர் 30 சதவீதம் அளவுக்குப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், இழுவை போகும். ஆகவே மணாலியில் ஒரு நாள் நின்று பழைய ஜெட்டையோ, பெட்ரோலைக் குறைக்கும் தடித்த மீட்டரிங் ராடையோ மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் உள்ள தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் 60 குதிரைத்திறன் அங்கே 35தான். ஹை ரேஞ்சில் திணறினால் வெட்கப்படாமல் ஹப்பை லாக் செய்து லோவில் ஏறுங்கள். தண்ணீர் அந்த உயரத்தில் 83 டிகிரியிலேயே கொதிக்கும். நல்ல நிலையில் உள்ள பிரஷர் மூடி, பாதிக்குப் பாதி கூலன்ட், உள்ளே அடைப்பெடுத்த ரேடியேட்டர் மூன்றும் இருந்தால் தப்பிக்கலாம். ரேடியேட்டரைப் புதுக் கோர் போட்டு ஓட்டுவதைவிட முக்கியம், இன்ஜின் பிளாக்குக்குள் எண்பது வருஷமாகப் படிந்த மண்டியை வெல்ச் பிளக்குகளைக் கழற்றிக் கம்பியால் குத்தி வெளியே எடுப்பது. அதைச் செய்யாவிட்டால் அந்த மண்டி புது ரேடியேட்டரை நூறு கிலோமீட்டரில் அடைத்துவிடும்.

மலையில் லிட்டருக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு டேங்க் 300 கி.மீ. தாங்கினால் அதிகம். மணாலியிலிருந்து போகும்போது, அடுத்த பெட்ரோல் 365 கி.மீ.யில் என்று 'தாண்டி' என்ற ஊரின் பம்ப்பில் பலகை வைத்திருந்தது ஊரறிந்தது. இருபது லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று பின்னால் அசல் தாங்கியிலேயே போகட்டும். இரண்டாவது கேனை ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்க வேண்டாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நான் அசலைப் பிடித்துத் தொங்கச் சொல்ல மாட்டேன். ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாறுங்கள். பாட்டரி, பல்பு எல்லா ஊரிலும் கிடைக்கும், இரவில் வெளிச்சம் கிடைக்கும். ஆறு வோல்ட் செல்ஃப் மோட்டார் பன்னிரண்டிலும் சுற்றும், நீளமாக அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் சரி. அதற்குப் பதில் பிற்காலப் பன்னிரண்டு வோல்ட் மோட்டாரை வாங்கினால் பல் கடிக்காது. ஃபோர்டு ஃபிளைவீலில் 97 பல், பின்னால் வந்ததில் 129. டைனமோவைக் கழற்றி ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கள். இக்னிஷன் மட்டும் பாயிண்ட்டும் கண்டென்சருமாகவே இருக்கட்டும். எலக்ட்ரானிக் மாட்யூல் போனால் சர்ச்சு சமவெளியில் யாரும் சரி செய்ய முடியாது. பாயிண்ட்டை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாம்.

பின்விளக்கு உயிர் சம்பந்தப்பட்டது. போர்க்காலத்தில் இருட்டடிப்புக்காக அமைத்ததால், அசல் ஜீப்பில் சாதாரண பிரேக் விளக்கு இடதுபக்கம் ஒன்றில்தான் எரியும். வலதில் இருப்பது தீப்பெட்டி அளவு மினுக்கம். 60ல் போகும் வண்டிக்குப் பின்னால் 100ல் லாரி வருகிறது. இரண்டு பக்கமும் எல்இடி பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், அகலமான பிரதிபலிப்பு ஒட்டு எல்லாவற்றையும் ஒரு தனிச் சட்டத்தில் கட்டி, பின் பம்பரெட்டில் போல்ட் போட்டு மாட்டுங்கள். கண்காட்சிக்குப் போகும்போது கழற்றிக்கொள்ளலாம். முன்விளக்கை மட்டும் அதன் அசல் பிராக்கெட்டிலேயே விடுங்கள். பட்டாம்பூச்சி நட்டைத் தளர்த்தினால் விளக்கு பின்னால் கவிழ்ந்து இன்ஜின் மேல் வெளிச்சம் அடிக்கும். ராத்திரி ரிப்பேருக்கு அதைவிட நல்ல டார்ச் இல்லை.

சீட் பெல்ட் இந்த வண்டியில் பிறக்கவில்லை. ஆக்சிலுக்கு ஆக்சில் 2 மீட்டர் நீளம், அகலமும் குறைவு, ஆகவே சுலபமாகப் புரளும். பெல்ட்டை மட்டும் போட்டுவிட்டு ரோல் பார் இல்லாமல் விட்டால் புரளும்போது கட்டிப்போட்டது போல ஆகிவிடும். இரண்டும் சேர்த்தே வேண்டும், தரைத் தகட்டுக்கு அடியில் கனமான தகடு கொடுத்துப் பூட்ட வேண்டும். சாலையில் ஏற்ற அனுமதித்த எடை 360 கிலோதான், ஆட்களையும் சேர்த்து. இரண்டு பேர், கேன், ஸ்பேர், கருவிகள் என்றாலே பாதி தாண்டிவிடும். கனமானதைப் பின் ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். ஜீப்போடு வந்த கால் டன் டிரெய்லரை இழுத்துப் போகலாமா என்று கேட்பீர்கள். அதற்குச் சாலை பிரேக் கிடையாது. 9 அங்குல டிரம் தன் எடைக்கே திணறும், வேண்டாம்.

இதே கேள்வியை ஜோங்கா, எம்35, யூனிமாக் போன்ற வேறு ராணுவ வண்டிகள் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அவற்றின் கணக்கு வேறு. ஜபல்பூரில் செய்த ஜோங்காவுக்கு நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், இழுவைக்குக் குறையில்லை, பெட்ரோல் குடிப்பதுதான் பிரச்சினை. எம்35ஏ2 டிரக்கின் உச்ச வேகமே 90 கி.மீ.க்குள், அதற்கும் முதல் வேலை ஒற்றைப் பாதை பிரேக்கை இரட்டையாக்குவது. யூனிமாக் 404க்கு 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அங்கே ஆக்சில் விகிதத்தை மாற்றுவதற்கு அர்த்தம் உண்டு. வரிசை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: நிற்பது, நேராகப் போவது, சூடேறாமல் இருப்பது, பிறகுதான் வேகம்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்னும். ஜிஎல்-4 வாங்குங்கள். இன்ஜினுக்குச் சாதாரண 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். ஆனால் அதை ஊற்றும் முன் சம்ப்பை இறக்கிக் கழுவுங்கள். இந்த இன்ஜினில் ஃபில்டர் எல்லா ஆயிலையும் வடிகட்டாது, ஒரு பகுதியைத்தான். ஆகவே 1,500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். எடுத்துப் போக வேண்டியவை: ஹெட் கேஸ்கட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் இரண்டு, ஃபியூயல் பம்ப் கிட், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், வீல் சிலிண்டர் வாஷர்கள், யுஜே கிராஸ், டியூப் இரண்டு, இடது மறை நட்டு நாலு, ஹப் நட்டுக்கான பெட்டி ஸ்பேனர். இந்தக் கடைசி ஸ்பேனர் வழியில் எங்கும் கிடைக்காது.

வண்டி தயாரானதும் நேராக வடக்கே கிளம்ப வேண்டாம். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி என்று முழுச் சுமையோடு ஏறி இறங்குங்கள். இறங்கி முடித்த இடத்தில் நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ ஒட்டுகிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் வேலை செய்யவில்லை. அது சரியான பிறகு கன்னியாகுமரி போய்வாருங்கள். அந்தச் சமவெளி ஓட்டத்தில் ஆயில் எவ்வளவு குடிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். லே வரை ஒரு வழிக்கு 3,500 கி.மீ.க்குக் குறையாது, நாளுக்கு 250, 300க்கு மேல் திட்டமிடாதீர்கள். லீவு குறைவு என்றால் சண்டிகர் வரை வண்டியை லாரியில் அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். மலையில் நீங்கள் பெறப்போகும் அனுபவத்தில் அதனால் ஒன்றும் குறையாது, இன்ஜினுக்கு 2,800 கி.மீ. மிச்சம்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள அந்த வட்ட மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் கியரின் பற்களையும் ஸ்பிளைனையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே சேஸிஸ் எண்ணையும். ஓவர்டிரைவ் பெட்டியோடு வரும் கியர் மெயின்ஷாஃப்ட்டில் சரியாக உட்கார்ந்தால்தான் பொருந்தும். பல வண்டிகளில் இடையிலேயே வேறு கியர்பாக்ஸ் மாற்றியிருப்பார்கள். அந்த எண்களை எழுதினால் எந்த செட் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.